ஸ்கேன் நார்மல், நோய் பார்க்கின்சன்

"சார், ஸ்கேன்ல ஒண்ணுமே இல்லைன்னு போட்டிருக்கு. டாக்டர் என்னடான்னா பார்க்கின்சன்னு மாத்திரை எழுதிட்டாரு. நாங்க எதை நம்பறது?"

எம்.ஆர்.ஐ. அறையில் வேலை பார்ப்பவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழகிப்போனது. பெரும்பாலும் மகனோ மருமகளோ கேட்பார்கள். பெரியவர் பக்கத்து நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அவருடைய ஒரு கை மட்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுகிற மாதிரி, மடியில் ஆடிக்கொண்டிருக்கும். ரிப்போர்ட்டுக்கு விளக்கம் சொல்வது என் வேலை இல்லை. டாக்டரையே கேளுங்கள் என்று அனுப்பிவிடுவேன். ஓ.பி.யில் அவருக்குப் பின்னால் இன்னும் ஒரு கூட்டம் காத்திருக்கும், அங்கேயும் முழுப் பதில் கிடைக்காது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். நான் மருத்துவன் இல்லை. டெக்னீஷியனாகப் பார்த்தது, நரம்பியல் டாக்டர்களிடமும் ரேடியாலஜிஸ்ட்களிடமும் கேட்டது, படித்தது, இவ்வளவுதான் இதில் இருக்கிறது.

முதலில் அந்தக் கேள்விக்கே பதில் சொல்லிவிடுகிறேன். இரண்டையும் நம்பலாம். பார்க்கின்சன் நோயில் வழக்கமான எம்.ஆர்.ஐ. நார்மலாக வருவதுதான் இயல்பு. டாக்டர் ஸ்கேனுக்கு அனுப்பியது பார்க்கின்சனைக் கண்டுபிடிக்க இல்லை. பார்க்கின்சன் மாதிரி வேஷம் போடும் வேறு நோய்கள் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கத்தான்.

ஏன் தெரிவதில்லை? மூளைத்தண்டின் மேல்பகுதியில், நடுமூளையில், சப்ஸ்டான்ஷியா நைக்ரா என்று ஒரு சிறிய கறுப்புப் பட்டை இரு பக்கமும் உண்டு. அங்கிருக்கும் நரம்பணுக்கள்தான் டோபமைனைத் தயாரித்து, நீண்ட இழைகள் வழியாக ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதிக்கு அனுப்புகின்றன. நினைத்தபோது நினைத்த வேகத்தில் கைகால் அசைய அந்த டோபமைன் வேண்டும். பார்க்கின்சனில் இந்த அணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. எம்.ஆர்.ஐ. பார்ப்பதோ திசுவில் உள்ள நீரின் ஹைட்ரஜனை. சின்ன இடத்தில் அணுக்கள் குறைந்தாலும் அந்த இடத்தின் உருவம் பெரிதாக மாறுவதில்லை. தொட்டியின் வெளிச்சுவரைப் படம் எடுத்துவிட்டு உள்ளே எவ்வளவு தண்ணீர் என்று கேட்கிற கதைதான். கை ஆட ஆரம்பிக்கும்போது அந்த அணுக்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்கு மேல் வரை போயிருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அவ்வளவு போன பிறகும் படத்தில் "குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை" என்றுதான் வரும்.

பிறகு டாக்டர் எதை வைத்துச் சொல்கிறார்? கண்ணையும் கையையும் வைத்துத்தான். நோயாளி கதவைத் திறந்து உள்ளே வரும்போதே பரிசோதனை ஆரம்பித்துவிடுகிறது. நடக்கும்போது எந்தக் கை வீசாமல் உடம்போடு ஒட்டியிருக்கிறது, முகம் எவ்வளவு அசைகிறது, திரும்ப எத்தனை அடி எடுத்துவைக்கிறார் என்று பார்ப்பார். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொல்வார். தட்டத் தட்ட அகலமும் வேகமும் குறைந்துகொண்டே வருகிறதா என்பதுதான் கேள்வி. மணிக்கட்டைப் பிடித்துச் சுழற்றி இறுக்கம் பார்ப்பார். ஒரு வரி எழுதச் சொன்னால் எழுத்து போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும். 1817இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றிக் கட்டுரை எழுதியபோது அவர் விவரித்தது 6 பேரை. அதில் சிலர் தெருவில் எதிர்ப்பட்டவர்கள், ஒருவரைத் தூரத்தில் இருந்து பார்த்ததோடு சரி. 200 வருஷம் கழித்தும் அந்த வர்ணனை பெரும்பாலும் நிற்கிறது என்றால், பார்வைக்கு எவ்வளவு மதிப்பு என்று புரியும்.

ஆனால் பார்வையும் தவறும். 1992இல் லண்டன் குவீன் ஸ்கொயர் மூளை வங்கியில் ஒரு கணக்கெடுத்தார்கள். உயிரோடு இருந்தபோது பார்க்கின்சன் என்று சிகிச்சை பெற்ற 100 பேருடைய மூளையை, அவர்கள் இறந்த பிறகு நுண்ணோக்கியில் பார்த்தார்கள். 76 பேருக்குத்தான் உண்மையில் பார்க்கின்சன். மீதிப் பேருக்கு பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ. என்ற பார்க்கின்சன் மாதிரி நோய்கள், அல்சைமர் என்று வேறு வேறு. நூற்றில் இருபத்துநான்கு என்பது சின்னத் தவறு இல்லை. அந்த இடைவெளியைக் குறைக்கத்தான் படங்கள் வேண்டும்.

இனி எம்.ஆர்.ஐ.க்கு வருகிறேன், என் வீடு அதுதானே. ரேடியாலஜிஸ்ட்கள் சேர்ந்து உட்கார்ந்தால் மிருகக்காட்சிசாலையும் பேக்கரியும் ஒன்றாகத் திறந்தது போலிருக்கும். பி.எஸ்.பி. என்ற நோயில் நடுமூளை சுருங்கிவிடும். மூளையை நடுவில் நீளவாக்கில் வெட்டினது போன்ற படத்தில், சுருங்கிய நடுமூளை கூரிய அலகோடு தலையாகவும் அதன் கீழே உள்ள பான்ஸ் வயிறாகவும் தெரிய, ரீங்காரச் சிட்டு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். இந்த நோயாளிகள் ஆரம்பத்திலேயே பின்பக்கமாக விழுவார்கள், குனியாமல் கண்ணை மட்டும் கீழே இறக்கிப் பார்க்கச் சிரமப்படுவார்கள். எம்.எஸ்.ஏ.வின் ஒரு வகையில் பான்ஸின் குறுக்குவெட்டில் சிலுவைக்குறி விழும். புனித வெள்ளிக்கு விற்கும் சிலுவை போட்ட பன்னின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். எழுந்து நின்றால் ரத்த அழுத்தம் சரிவது, சிறுநீர்த் தொல்லை, பார்க்கின்சன் மாத்திரைக்குச் சரியாக மசியாதது இதெல்லாம் சேர்ந்து வரும். இந்த அடையாளங்கள் இருந்தால் பெரிய துப்பு. இல்லை என்பதற்காக நோய் இல்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் ஆரம்பக் கட்டத்தில் பல சமயம் தெரியாது.

இந்தப் பட்டியலில் நான் யாரும் தவறவிடக் கூடாது என்று நினைப்பது பாண்டாவை. இளம் வயதுக்காரருக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட, கை நடுக்கம், பேச்சுக் குழறல், நடத்தை மாற்றம் வந்தால் வில்சன் நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். உடம்பில் செம்பு வெளியேறாமல் கல்லீரலிலும் மூளையிலும் தேங்கும் பரம்பரை நோய் இது. 1912இல் கின்னியர் வில்சன் விவரித்தது. நடுமூளையின் குறுக்குவெட்டில் பாண்டா முகம் மாதிரி ஒரு தோற்றம் சிலருக்குக் கிடைக்கும். கண்ணின் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம், ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் குறைவு என்று வேறு சோதனைகளும் உண்டு. மருந்து இருக்கிறது, சீக்கிரம் பிடித்தால் நன்றாகத் தேறுகிறார்கள். அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும் என்பதால், அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று சொந்தத்தில் கட்டும் நம் ஊர்க் குடும்பங்களில் வாய்ப்பு கூடுதல். ஒரு பிள்ளைக்கு உறுதியானால் கூடப் பிறந்தவர்களுக்கும் சோதித்துவிட வேண்டும். அறிகுறியே இல்லாதவர்களுக்கும்தான்.

அடுத்தது தலைக்குள் நீர். மூளையின் நடுவில் உள்ள நீரறைகள் வீங்கி, கால் தரையில் ஒட்டிக்கொண்டது மாதிரி நடை மாறும், சிறுநீர் அடக்க முடியாமல் போகும், மறதி வரும். 1965இல் கொலம்பியாவின் பொகோட்டாவைச் சேர்ந்த சாலமோன் ஹக்கீம் இதை உலகுக்கு எடுத்துச்சொன்னார். முதுகில் ஊசி போட்டு 30 முதல் 50 மி.லி. நீர் எடுத்துப் பார்ப்பார்கள். நடை தேறினால், ஒரு குழாய் வைத்து நீரை வயிற்றுக்குள் இறக்கிவிடும் அறுவை சிகிச்சைக்குப் பலன் இருக்கும் என்று அர்த்தம். சாதாரண சி.டி.யே இந்த வீக்கத்தைக் காட்டிவிடும். தடுக்கி விழுந்து மாதக் கணக்கில் மண்டைக்குள் மெதுவாகத் தேங்கிய ரத்தமும், சின்னச் சின்னப் பக்கவாதங்கள் சேர்ந்து நடையைக் கெடுப்பதும் இதே வரிசைதான். "சும்மா எதுக்கு ஸ்கேன், காசு புடுங்கத்தான்" என்று அலுத்துக்கொள்பவர்களிடம் இந்த மூன்றையும் சொல்வேன்.

பார்க்கின்சனையே எம்.ஆர்.ஐ.யில் பார்க்க முடியாதா என்றால், ஓரளவு முடியும் என்ற நிலைக்கு வந்திருக்கிறார்கள். 3 டெஸ்லா இயந்திரத்தில், இரும்புச்சத்தைக் காட்டும் ஒரு வகைப் படத்தை மெல்லிய வெட்டுகளாக எடுத்தால், சப்ஸ்டான்ஷியா நைக்ராவின் பின்பகுதி ஆரோக்கியமானவர்களிடம் தகைவிலான் குருவியின் பிளந்த வால் மாதிரி தெரியும். பார்க்கின்சனில் அந்தப் பிளவு மறைந்துவிடும். 2014இல் நாட்டிங்ஹாம் குழு இதை வெளியிட்ட பிறகு பல இடங்களில் செய்து பார்க்கிறார்கள். ஆனால் நோயாளி துளி அசைந்தாலும் வால் காணாமல் போகும். பி.எஸ்.பி., எம்.எஸ்.ஏ.விலும் மறையும். நடுக்கமுள்ளவரை அசையாமல் படுக்கச் சொல்வதே ஒரு கொடுமை, அதிலும் அந்த டமடம சத்தத்தில் பதற்றம் ஏறினால் கை இன்னும் ஆடும். அசந்து தூங்கிவிட்டால் நடுக்கம் நின்றுவிடும். நான் போர்வையை நன்றாகச் சுற்றிவிட்டு, காதில் பஞ்சு வைத்து, "கண்ணை மூடித் தூங்குங்கய்யா" என்றுதான் சொல்வேன்.

உருவத்தைப் படம் எடுத்துப் பயனில்லை, வேதியியலைப் படம் எடுக்க வேண்டும் என்று யோசித்தவர்கள் கனடாவின் ஹாமில்டனில் உள்ள மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். 1983இல் கார்னெட், ஃபிர்னாவ், நஹ்மியாஸ் மூவரும் கதிரியக்க ஃபுளோரின் சேர்த்த டோபாவை ஊசியில் ஏற்றி, உயிரோடு இருக்கும் மனிதனின் மூளையில் டோபமைன் சேரும் இடத்தை பெட் ஸ்கேனில் காட்டினார்கள். அதே காலத்தில் கலிபோர்னியாவில் ஒரு விபரீதம் நடந்தது. 1982இல், கள்ளத்தனமாகத் தயாரித்த செயற்கை ஹெராயினைப் போட்டுக்கொண்ட சில இளைஞர்கள் சில நாட்களில் கட்டைபோல இறுகிப்போய் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். வில்லியம் லாங்ஸ்டன் என்ற நரம்பியல் டாக்டர் துருவித் துருவி, அதில் கலந்திருந்த எம்.பி.டி.பி. என்ற நச்சு சப்ஸ்டான்ஷியா நைக்ராவை அழித்ததைக் கண்டுபிடித்தார். அதே மருந்தைப் போட்டும் உடம்பில் ஒரு குறியும் இல்லாமல் நடமாடிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. அப்படிச் சிலரை வான்கூவரில் டொனால்ட் கால்ன் குழு பெட் ஸ்கேன் எடுத்து 1985இல் வெளியிட்டது. அவர்களுடைய டோபமைன் படமும் மங்கித்தான் இருந்தது. வெளியே தெரிவதற்கு முன்னாலேயே உள்ளே நடந்துகொண்டிருக்கும் அழிவை ஒரு படம் காட்ட முடியும் என்பது அப்போதுதான் கண்கூடானது. இந்த முழு விஷயத்திலும் என்னை அதிகம் உலுக்கியது இந்தக் கதைதான்.

இன்று நடைமுறையில் அதிகம் பேசப்படுவது டாட் ஸ்கேன். வெளியிட்ட டோபமைனை நரம்பு முனை திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஒரு புரதம் வைத்திருக்கிறது. அந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளை ஊசியில் செலுத்தி, சில மணி நேரம் கழித்து காமா கேமராவில் படம் எடுப்பார்கள். நார்மல் என்றால் இரண்டு பக்கமும் காற்புள்ளி மாதிரி ஒளிரும். முனைகள் அழிந்திருந்தால் வால் உதிர்ந்து முற்றுப்புள்ளி மாதிரி ஆகிவிடும். ஐரோப்பாவில் 2000இலும், அமெரிக்காவில் 2011இலும் அனுமதி கிடைத்தது. அந்த மருந்தில் உள்ள அயோடின் 13 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும், சைக்ளோட்ரானில் தயாரித்து ஓடிவந்து கொடுக்க வேண்டும், விலையும் அதிகம். நம் நாட்டில் பெரும்பாலும் டெக்னீசியம் சேர்த்த ட்ரோடாட் என்ற மருந்தில் இதே வேலையைச் செய்கிறார்கள். டெக்னீசியத்தை ஆஸ்பத்திரியிலேயே உள்ள ஜெனரேட்டரில் கறந்துகொள்ளலாம் என்பதால் கட்டுப்படியாகிறது. பெரிய நகரங்களின் அணு மருத்துவப் பிரிவுகளில் இது கிடைக்கும், சில இடங்களில் டோபா பெட்டும் உண்டு.

இந்த ஸ்கேன் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். கை நடுக்கம் பார்க்கின்சனா, அல்லது தாத்தா, அப்பா என்று குடும்பத்தில் வழிவழியாக வரும், டம்ளரைத் தூக்கும்போது ஆடும் எசென்ஷியல் ட்ரெமரா என்பதைப் பிரித்துச் சொல்லும். பார்க்கின்சனா, பி.எஸ்.பி.யா, எம்.எஸ்.ஏ.வா என்று பிரித்துச் சொல்லாது, ஏனென்றால் மூன்றிலும் முனைகள் அழிகின்றன. 2015இல் வந்த சர்வதேச அளவுகோலின்படி, இந்த ஸ்கேன் நார்மலாக வந்தால் அது பார்க்கின்சன் இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். மருந்துச் சோதனைகளுக்குப் பார்க்கின்சன் என்று சொல்லிச் சேர்த்தவர்களிலேயே ஒரு பகுதியினருக்கு இந்த ஸ்கேன் நார்மலாக வந்து ஆராய்ச்சியாளர்களைத் திகைக்க வைத்தது. பிறகு தொடர்ந்து கவனித்தபோது அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோயே இல்லை என்று தெரிந்தது. பார்க்கின்சனை எம்.எஸ்.ஏ.விலிருந்து பிரிக்க ஜப்பானில் மூளையை விட்டுவிட்டு இதயத்தைப் பார்க்கிறார்கள். பார்க்கின்சனில் இதயத்துக்குப் போகும் தன்னியக்க நரம்புகளும் அழியும். அதை ஒரு கதிரியக்க மருந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இப்போது எல்லோரும் கவனிக்க வேண்டிய இடத்துக்கு வருகிறேன். மாத்திரையால் வரும் பார்க்கின்சனிசம். மனநோய்க்குத் தரும் ஹாலோபெரிடால் போன்றவை இதைச் செய்யும் என்று பலருக்குத் தெரியும். தலைசுற்றலுக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் சின்னரிசின், ஃப்ளுனரிசின், வாந்திக்குத் தரும் மெட்டோகுளோப்ரமைட், கேஸ் மாத்திரையோடு சேர்ந்தே ஒரே கேப்சூலில் வரும் லெவோசல்பிரைட், இவையும் செய்யும் என்பது தெரியாது. தலைசுற்றலுக்கு என்றைக்கோ எழுதிக்கொடுத்ததை, பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வருஷக் கணக்கில் வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் நம் தெருவிலேயே இருப்பார்கள். "கேஸ் மாத்திரைதானே" என்று டாக்டரிடம் சொல்லவும் மாட்டார்கள். கை ஆட ஆரம்பித்ததும் வயசாகிவிட்டது என்பார்கள், அல்லது பார்க்கின்சனுக்கு இன்னொரு மாத்திரை மேலே சேரும். இந்த மாதிரியில் எம்.ஆர்.ஐ. நார்மல், டாட் ஸ்கேனும் நார்மல். ஏனென்றால் முனைகள் அழியவில்லை, டோபமைன் போய்ச் சேரும் இடத்தை மருந்து அடைத்துக்கொண்டிருக்கிறது. டாக்டர் சொல்லி அந்த மருந்தை நிறுத்தினால் பலருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் தேறிவிடும். தேறாவிட்டால் உள்ளே ஏற்கெனவே தொடங்கியிருந்த பார்க்கின்சனை அந்த மருந்து முன்னால் இழுத்துவிட்டிருக்கலாம், அப்போது டாட் ஸ்கேன் உண்மையைச் சொல்லும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள், மனநோய் மருந்துகளை முக்கியமாக.

மறதி நோய்களைப் பற்றிச் சுருக்கமாக. அல்சைமரில் நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்குவதை எம்.ஆர்.ஐ. காட்டும். சர்க்கரை வடிவக் கதிரியக்க மருந்து போட்டு எடுக்கும் பெட்டில் மூளையின் பக்கவாட்டு, பின்பகுதிகள் மங்கித் தெரியும். அமிலாய்டு புரதத்தையே காட்டும் பெட் மருந்துக்கு அமெரிக்காவில் 2012இல் அனுமதி கிடைத்தது. ஆனால் நல்ல ஞாபகத்தோடு இருக்கும் முதியவர்களிலும் சிலருக்கு அமிலாய்டு இருக்கும். படம் பாசிட்டிவ் என்றவுடன் தாத்தாவுக்கு அல்சைமர் என்று முடிவுகட்ட முடியாது. லூயி பாடி மறதி நோயில் டாட் ஸ்கேன் நேரடியாகப் பயன்படுகிறது. இல்லாத ஆட்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் குழப்பம் என்று இருக்கும். அல்சைமர் என்று நினைத்து ஹாலோபெரிடால் கொடுத்துவிட்டால் இவர்கள் உடம்பு மோசமாக இறுகி உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவில் 2022இல் இந்த நோய்க்கும் டாட் ஸ்கேனை அனுமதித்தார்கள்.

இவ்வளவு படங்கள் இருந்தும், பார்க்கின்சனின் மூலக் குற்றவாளியாகக் கருதப்படும் ஆல்ஃபா சைனுக்ளின் புரதத்தைக் காட்டும் ஸ்கேன் இன்னும் நோயாளிகளுக்கு நடைமுறையில் வரவில்லை. அது வரும்வரை ஸ்கேன் துணைச் சாட்சிதான். கையசைவும் நடையும் பேச்சும் பார்த்துத் தீர்ப்பு சொல்கிறவர் டாக்டர்.

அதனால் "எல்லா ஸ்கேனும் எடுத்துடலாம் சார், செலவைப் பத்திக் கவலை இல்லை" என்று வருகிறவர்களை நான் ஊக்குவிப்பதில்லை. அறிகுறி தெளிவாக, ஒரு பக்கம் தொடங்கி, லெவோடோபா மாத்திரைக்கு நன்றாகத் தேறுகிறவருக்கு டாட் ஸ்கேன் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. டாக்டருக்கே சந்தேகம் இருக்கும்போது, அந்தப் பதில் சிகிச்சையை மாற்றும் என்றால், தயங்காமல் எடுங்கள். நரம்பியல் டாக்டரை முதலில் பார்த்துவிட்டு ஸ்கேனுக்கு வாருங்கள். ஸ்கேனை எடுத்துக்கொண்டு டாக்டரைத் தேடாதீர்கள். எந்த நோயைத் தேடுகிறோம் என்று சீட்டில் எழுதியிருந்தால்தான் நாங்கள் அதற்கேற்ற படங்களை எடுப்போம்.

வரும்போது வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், கேஸ், தலைசுற்றல் மாத்திரை உட்பட. அப்பா நடப்பதையும், காபி டம்ளர் பிடிப்பதையும், தூக்கத்தில் கைகால் உதறினால் அதையும் செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். பழைய ஸ்கேன் சி.டி.யையும் ஃபிலிமையும் தூக்கிப் போடாதீர்கள், முன்பிருந்த அளவை இப்போதோடு ஒப்பிட அது தேவைப்படும். பேஸ்மேக்கரோ, மூளையில் பொருத்திய மின்கருவியோ இருந்தால் எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையும் முன்பே சொல்லிவிடுங்கள். பார்க்கின்சன் மாத்திரை நேரம் தவறாமல் போட வேண்டியது. காத்திருக்க நேர்ந்தால் என்ன செய்வது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அடுத்த வேளை மாத்திரையையும் தண்ணீர் பாட்டிலையும் கையோடு எடுத்துவாருங்கள்.